கண்ணை மூடச் சொல்கிறார்கள்

ஓசூர்
12 ஜனவரி 2025

டெல்வின்,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். அம்மாவுடையதையும் பண்ணிவிட்டாய். அப்பா கூப்பிட்டால் ரிங் போகிறது, நீ எடுப்பதில்லை. கிரானைட் லோடு ஏற்றிக்கொண்டு மங்களூர் ரோட்டில் போகிற மனுஷன், உனக்கு ரிங் அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, "பையன் பிசியா இருக்கான் போல" என்கிறார். சரி, தபால்காரரை எப்படி பிளாக் பண்ணுவாய் என்று பார்க்கிறேன். பாலிடெக்னிக் முடித்த பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. டிசம்பரில் நீ போன் பண்ணி, "அக்கா, எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பர் எழுத்தெல்லாம் ஓடுது, நெஞ்சு அடைக்குது, வெத்துப் பேப்பரக் குடுத்துட்டு எழுந்து வந்துட்டேன்" என்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றாய். முடிந்தவரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன். அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். எதற்கு? அவள் போய் உன்னை சிங்காரப்பேட்டை வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, நாலு நாள் தூங்கவைக்கட்டும் என்று. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, "எம் மகன் டெல்வினுக்கு புத்தி கலங்கிப்போச்சி, பரீட்ச எழுதாம ஓடியாந்துட்டான், எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சிக்கோங்க" என்று சபைக்கே அறிவிக்கச் சொல்லியா சொன்னேன்?

அம்மாவுக்கு அதில் தப்பே தெரியவில்லை. காய்ச்சல் வந்தாலும், பசு கன்று போடாவிட்டாலும், எனக்கு வரன் தட்டிப்போனாலும் அவள் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொல்கிறவள்தானே. எல்லா வாயும் சேர்ந்து கேட்டால் மேலே சீக்கிரம் கேட்கும் என்பது அவள் நம்பிக்கை. அந்த வாய்களில் ஒன்று உன் கிளாஸ் ரோஷனின் பெரியம்மா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது காலேஜில் உன்னைப் பார்த்தால் பையன்கள் அல்லேலூயா என்று கத்துகிறார்களாம். உன் ரூம் கோபி, ஓசூரில் அவன் வீட்டுக்கு வந்தபோது சொன்னான். கேட்டதும் ரோஷனின் பெரியம்மாவைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று வந்தது.

கோபி இன்னொன்றும் சொன்னான். நீ மெஸ்ஸுக்குப் போவதில்லையாம், தூங்குவதும் இல்லையாம். டேய், கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ஆனால் தின்றுவிட்டுக் கோபப்படு.

உள்ளே ஸ்டாம்ப் ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். ஒன்றும் எழுத வேண்டாம். சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும்.

ஜெசி


ஆஸ்டல்
20 ஜனவரி

சாப்பிட்டேன்.

டெல்வின்


ஓசூர்
24 ஜனவரி

அடப்பாவி,

ஒரு வார்த்தை என்றால் ஒரே ஒரு வார்த்தையா! கவரைப் பிரித்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், வேறு ஏதாவது விழுமா என்று. ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சீட்டை என் லாக்கரில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் உள்ளே போகும்போது போனை லாக்கரில் போட்டுவிட வேண்டும், உனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் உலகம் அழிந்தாலும் எங்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் அது நிம்மதியாக இருந்தது. இப்போது ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் என்ன மெசேஜ் வந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் போனைத் தொடாமலே நிற்கிறேன்.

கோபியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை. அவன் போனில் பேசச் சொன்னால் நீ கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறாயாமே. பேச வேண்டாம், எழுது.

உங்கள் காலேஜில் காலையில் தியான வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்களாம். பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வருகிறார்களாம். நீ போகிறாயா? போடா. மனசுக்கு நல்லது என்கிறார்கள். என் ஆஸ்டலில் சேலத்துப் பெண் ஒருத்தி போனில் பாட்டு மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காருகிறாள், பிறகு ஒரு தட்டு சோறு அதிகமாகச் சாப்பிடுகிறாள். அம்மாவிடம் இதைப் பற்றி லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "வாயில கர்த்தர் பேரு இல்லாம கண்ண மூடினா வேற என்னாத்தனா உள்ள பூந்துக்கும்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் அவளை. நீ போய் உட்கார்.

அம்மா உன் பேரைச் சொல்லி அழுகிறாள். அதையும் எழுதிவிட்டேன். நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

அக்கா


ஆஸ்டல்
2 பிப்ரவரி

அக்கா,

தியானத்துக்குப் போ என்கிறாய். போகிறேன். போகாமல் இருக்க முடியாது. ஆடிட்டோரியம் வாசலில் விரல் வைத்தால்தான் அட்டெண்டன்ஸ். மனநிம்மதிக்கும் எழுபத்தைந்து சதவீதம் வேண்டும்.

எழுத ஆரம்பித்ததால் முழுதாகச் சொல்கிறேன். எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. பேசினால் குரல் நடுங்குவது உனக்குக் கேட்கும்.

அந்த மேடம் பேர் சரிதா. நல்லவர். கன்னடம் கலந்து பேசுவார். "கண்ணு மூடிக்கோங்க. மூச்சு உள்ள ஹோகுது, வெளிய வருது. அத நோடு, அஷ்டே, அவ்வளோதான்" என்பார். இருநூறு பேர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடுவோம். பாதிப் பேர் தூங்குவார்கள். கோபி உண்மையாகவே செய்கிறான், அவனுக்குத் தலைவலி போய்விட்டதாம். எனக்கு என்ன ஆகிறது தெரியுமா? கண்ணை மூடினால் அம்மா பேச ஆரம்பித்துவிடுகிறாள்.

சிரிக்காதே. நம் வீட்டில் ராத்திரி ஜெபம் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பார். நம்மை நேராகத் திட்டவே மாட்டாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஆண்டவரிடம் சொல்லிக்கொடுப்பாள். "கர்த்தாவே, இந்த டெல்வின் கணக்குல முப்பத்தெட்டு வாங்கினு வந்திருக்கான், உமக்கு மறைவா ஒண்ணுமில்ல. எதுத்த வூட்டுப் பையன் தொண்ணூறு வாங்கியிருக்கான், அதயும் நீர் பாத்துக்கினுதான் இருக்கிறீர். இவனுக்கு புத்தியத் தாரும். இவங்கப்பா வெயில்ல லாரி ஓட்றாரே, அவரு கஷ்டத்த இவன் கண்ணுக்குக் காட்டும்." நாம் கண்ணைத் திறக்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. ஆமென் சொல்ல வேண்டும். நீ என் தொடையைக் கிள்ளுவாய், நான் சிரிப்பை அடக்குவேன். அப்போது அது வேடிக்கை. இப்போது கிள்ள ஆள் இல்லை.

சரிதா மேடம் மூச்சைப் பார் என்கிறார். நான் பார்ப்பதற்குள் குரல் வந்துவிடுகிறது. கர்த்தாவே, இந்த டெல்வின் வெத்துப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கர்த்தாவே, இவங்க அக்கா நின்றுகொண்டே வேலை செய்து ஆஸ்டல் பணம் கட்டுகிறாள். அது நிற்பதே இல்லை. நெஞ்சு டிரில் மெஷின் மாதிரி ஆடும். போன வாரம் அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கல் குவாரியில் வெடி வைத்தார்கள். எல்லாரும் லேசாக அசைந்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். நான் எழுந்து ஓடினேன். செருப்பு கூடப் போடவில்லை. பின்னாலிருந்து எவனோ அல்லேலூயா என்று ஆரம்பித்தான், ஆடிட்டோரியமே சிரித்தது. வெளியே குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

எங்கள் டிபார்ட்மெண்ட் சார் கூப்பிட்டு, "உனக்குத்தாம்பா தியானம் அதிகமா தேவை. கூட நேரம் உக்காரு, பழகிடும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாருக்கும் சரியாகப் போகிற மருந்து எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோளாறு என்னிடம்தானே? அதனால் சாயங்காலத்திலும் உட்காருகிறேன். ஆஸ்டல் மொட்டை மாடியில் யாரும் வருவதில்லை. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஹைவேயில் லாரிகள் போவது தெரியும். அப்பா லாரியாக இருக்குமோ என்று பார்ப்பேன். கண்ணை மூடுவேன், குரல் வரும், திறப்பேன். மறுபடி மூடுவேன். ஒரு நாள் அந்தக் குரல் நிற்க வேறு வழியே இல்லையா என்று தோன்றியது.

மெஸ்ஸில் இன்று கொஞ்சம் சாப்பிட்டேன். ரிசல்ட் இந்த மாதம் வருமாம். அது வந்தால் அம்மாவுக்கு இன்னொரு ஜெப விண்ணப்பம்.

டெல்வின்


ஓசூர்
5 பிப்ரவரி

டெல்வின்,

மாடிக்குப் போகாதே. முதலில் அது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரைக்கும் கூட அங்கே போகாதே.

உன் கடிதத்தை கேண்டீனில் உட்கார்ந்து படித்தேன். அம்மாவின் ஜெபம் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மாடி வந்த இடத்தில் காதடைத்துப்போயிற்று. திரும்ப லைனில் போய் நின்றால் ஸ்க்ரூ கையில் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கள் லைன் லீடர் திம்மப்பன் வந்து, "ஏன் ஜெசி, கை நடுங்குது? ஏனாயித்து?" என்று கேட்டார். தம்பி என்றேன். அந்த மனுஷன் வேறு ஒன்றும் கேட்காமல் என்னை வெளியே கூட்டிப்போய், செக்யூரிட்டியிடம் பேசி லாக்கரைத் திறக்கவைத்தார். கோபிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவனிடம் முழுதும் சொல்லவில்லை. உன்னைத் தனியாக விடாதே என்று மட்டும் சொன்னேன். வார்டனிடம் சொல்லி மாடிக் கதவைப் பூட்டச் சொன்னேன். நீ என்னைத் திட்டு. இந்த ஜென்மம் பூராவும் திட்டு. அதற்கு நீ இருக்க வேண்டும்.

இப்போது உன்னை ஒன்று கேட்கப் போகிறேன். இதைக் கேட்கிற தைரியம் வருவதற்குள் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் தோன்றுகிறது என்று எழுது. நான் பதற மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பதறுவேன். ஆனால் அழுது உன்னைப் பயமுறுத்த மாட்டேன், ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

தியானத்துக்குப் போ போ என்று நானும் சேர்ந்து தள்ளினேன். அந்தச் சேலத்துப் பெண்ணுக்கு ஒத்துக்கொண்டது என்றால் உனக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எப்படி நினைத்தேனோ. எனக்கு அம்மாவின் முழுக்குணமும் வந்திருக்கிறது, மைக் ஒன்றுதான் பாக்கி.

கோபியின் அண்ணன் இன்று உங்கள் பர்கூர் பக்கம் வேலையாகப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். நீ எழுதிக் கொடுக்கும்வரை அவன் அங்கேயே நிற்பான். அவனைக் காக்கவைக்காதே, அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

ஜெசி


ஆஸ்டல்
5 பிப்ரவரி, சாயங்காலம்

அக்கா,

கோபியின் அண்ணன் கேட்டிலேயே நிற்கிறார். போனில் மனைவியிடம் கொஞ்சிக்கொண்டிருக்கிறார், அவசரம் ஒன்றும் இல்லை.

தோன்றியது. ஒரு நாள். சாக வேண்டும் என்று இல்லை, அந்தக் குரல் நிற்க வேண்டும் என்றுதான். அது இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றேன். கீழே கோபி என் தட்டையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மேலே பார்த்து, "டேய் டெல்வினு, எறங்கி வாடா, முட்ட காலியாயிடும்" என்று கத்தினான். இறங்கி வந்துவிட்டேன். அவனுக்கு இன்றுவரை தெரியாது. எப்படியோ எழுதிவிட்டேன்.

நேற்று சரிதா மேடத்திடம் போய், எனக்கு இந்த வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். என்ன ஆகிறது என்று கேட்டார். குரலைப் பற்றிச் சொன்னேன். அம்மா ஜெபம் பண்ணுவது போலப் பேசியும் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கி நீ கண்ணு மூட வேண்டா. கெலவருக்கு, சில பேருக்கு, இது ஆகல்ல, அதிக பயம் வரும். யாரு உன்ன ஜாஸ்தி நேரம் உக்கார சொன்னது?" என்றார். சார் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மாடியைப் பற்றி அவரிடமும் சொன்னேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "நான் டாக்டர் இல்ல டெல்வின். என் கிளாஸ் உனக்கு சாலாது, போதாது. நீ டாக்டர் பாக்கணும்" என்று சொல்லி, அப்போதே போனில் ஒரு ஹெல்ப்லைன் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். மறுமுனையில் ஒரு அக்கா பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் காத்திருந்தார். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், வீட்டு ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்று சொன்னார்.

வீட்டு ஆள் என்றால் நீ. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வா. அம்மா வேண்டாம். அம்மாவிடம் சொல்லவும் வேண்டாம். போன தடவை போனில் சரி சரி என்றது மாதிரி இல்லாமல், இந்தத் தடவை நிஜமாகச் சொல்லாதே.

டெல்வின்


ஓசூர்
8 பிப்ரவரி

கண்ணு,

நீ இறங்கி வந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கோபிக்கு நான் வாழ்நாள் பூரா முட்டை வாங்கிப் போடுவேன், எதற்கென்று சொல்லாமல்.

லீவு கிடைத்துவிட்டது. திம்மப்பனே கையெழுத்துப் போட்டு, "ஹோகிபா, போய்ட்டு வா, தம்பி முக்கியம்" என்றார்.

இப்போது நீ என்னைக் கொல்லப் போகிறாய். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நில், கிழித்துப் போடாதே. வார்டனுக்குப் போன் பண்ணி செவ்வாய்க்கிழமை உன்னை வெளியே அனுப்பச் சொன்னேன். அக்கா என்றால் விட மாட்டார்களாம், அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அப்பா மங்களூரில் லோடு இறக்கக் காத்திருக்கிறார், புதன்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை. நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மாடியையும் சொன்னேன். நடு ராத்திரி வரை ஒப்பாரி வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவே இல்லை டெல்வின். போன் கட் ஆகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்" என்றாள். "இத சபையில சொன்னா அவன் உனக்கு இல்லாமலே போயிடுவான்மா" என்றேன். நேற்று வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபத்தில் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

செவ்வாய் காலை ஆஸ்டல் கேட்டில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.

அக்கா


ஆஸ்டல்
9 பிப்ரவரி

அம்மா வந்தால் நான் வர மாட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் என் தலையில் கையை வைத்து ஆரம்பித்துவிடுவாள். உன்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன்.

டெல்வின்


ஓசூர்
10 பிப்ரவரி

டெல்வின்,

கோபி உன் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். நான் எழுதுவதையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அவன் உனக்குக் காட்டுவான். நம் இரண்டு பேர் சண்டையில் அந்தப் பையன் போஸ்ட் ஆபீஸ் ஆகிவிட்டான்.

நீ சொல்வது அத்தனையும் சரி. அவள் ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் நான் அவள் வாயைப் பொத்துவேன், பெற்ற தாய் என்றும் பார்க்க மாட்டேன். கையெழுத்துப் போட்டதும் அவளைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாலும் விட்டுவிட்டு வருகிறேன். ஆனால் நீ வா. என் மேல் இருக்கிற கோபத்துக்காக டாக்டரைத் தள்ளிப்போடாதே. என்னைப் பார்க்க வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார். வந்தால் போதும்.

நீ கேட்டுக்கு வராவிட்டால் நான் என்ன பண்ணுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜெசி


ஆஸ்டல்
16 பிப்ரவரி

அக்கா,

செவ்வாய்க்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு வந்தோம். அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் தலை பாரமாக இருக்கிறது, வகுப்பில் தூக்கம் வருகிறது. டாக்டர் சொன்னதுபோலச் சில வாரம் போனால்தான் தெரியுமாம். பயம் போகவில்லை. நேற்றும் வெடிச்சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் எழுந்து ஓடவில்லை, கோபியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன், "சட்டைய விட்றா, பட்டன் புட்டுக்கும்" என்றான். மாடிக் கதவு பூட்டியே இருக்கிறது, திறக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. சரிதா மேடம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே மூச்சைப் பார்க்கிறேன். ரோஷன் வந்து, அவன் பெரியம்மா சொன்னதை எல்லாரிடமும் பரப்பியது அவன்தான் என்று சொன்னான். இரண்டு பேரும் டீ குடித்தோம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் உனக்கு எழுதுவேன்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் நீ சீட்டுப் பதிய வரிசையில் நின்றாயே, அப்போது நடந்தது.

நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையெழுத்துப் போட்டதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றி அவ்வளவு கூட்டம், கன்னடம், தெலுங்கு, குழந்தை அழுகை. என் நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். திரும்பினால் அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாள். உனக்குத் தெரியும், முக்காடு போட்டால் என்ன வரும் என்று. போச்சு, இந்த பெஞ்சு பூரா இனி திரும்பிப் பார்க்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். நம் உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது, அக்கா, முக்காட்டைப் பார்த்தால் கண் தானாக மூடுகிறது.

கர்த்தாவே என்பதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எங்கேயோ டோக்கன் கூப்பிட்டார்கள். இன்னும் வரவில்லை. என் தலைக்குள்ளே இருக்கிற அம்மாவும் அன்று பேசவில்லை, அவளும் வெளியே இருக்கிற அம்மாவுக்காகக் காத்திருந்தாளோ என்னவோ. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தேன்.

அம்மா என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, கை கூப்பி இருக்கிறது. வாய் அசையவில்லை. கண் மட்டும் அகலமாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் இல்லை.

"ஜெபம் பண்ணலயாம்மா?" என்று கேட்டேன்.

"பண்ணிக்கினுதாண்டா இருக்கேன்."

"கண்ண மூடலயே?"

"ஜெசி சொன்னதுலேந்து மூடலடா. ராத்திரியில கூட தொறந்துக்கினுதான் கேக்குறேன்" என்றாள். "மூடினா, தொறக்கறப்ப நீ இல்லாம போயிட்டியனா நான் இன்னாடா பண்ணுவேன்?"

அப்போதுதான் நீ சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தாய்.

டெல்வின்